அப்பாவின் தொப்பியில் பழுப்பு இறகு

கோல்நேரோ,
நவம்பர் கடைசி ஞாயிறு.

என் அன்பு மகள் நோயெமிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இருக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். முழங்கால் மட்டும் முதல் பனி விழுந்த அன்றே தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது, அதற்கு வயதாகிறது, எனக்கில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த அடிலெய்டு வெயிலில் வாடாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். குழந்தைக்கு இருமல் விடவில்லை என்றாயே, குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரை முதலில் நிறுத்து, நெஞ்சில் கம்பளித் துணி போட்டுப் படுக்க வை, அங்கே வெயில்தானே எதற்குக் கம்பளி என்று மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும். இங்கே விறகு வந்து இறங்கிவிட்டது, இந்த முறை பாதி ஈரம், விறகுக்காரன் ஏமாற்றிவிட்டான். நெரீனா தன் கடைக்குப் புது காப்பி இயந்திரம் வாங்கியிருக்கிறாள், காப்பி முன்னைவிட மோசம், ஆனால் அவளிடம் யார் சொல்வது.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் உனக்குப் போன் பண்ணி அழுதானாம், அம்மா என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள், ஒரு பழைய தொப்பிக்காகப் பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் அசிங்கப்படுத்திவிட்டாள் என்றானாம். கிறிஸ்துமஸுக்காவது கதவைத் திற அம்மா என்று நீயும் கெஞ்சி எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, உனக்குத் தெரிந்தது அவன் சொன்னது மட்டும்தானே. இத்தனை நாள் நான் போனில் ஒன்றும் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் வாய் நாறும் என்பதுதான். அப்படி ஒரு அருவருப்பு எனக்கு. இப்போது எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கதவைப் பற்றிப் பேசு.

அப்பா தொப்பி உனக்குத் தெரியாததா, அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும், நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அதைத் தொட்டதற்குக் கை கழுவச் சொன்னேன் என்று உன் அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. வியர்வையும் மழையும் ஒயினும் ஊறி ஊறிப் பச்சை நிறமே போய்விட்ட தொப்பி, மலைப்படைக்காரன் தன் தொப்பியைத் துவைக்கக் கூடாது, துவைத்தால் பட்ட பாடெல்லாம் போய்விடுமாம். இடது பக்கம் கறுப்பு இறகு, ஏனென்றால் துப்பாக்கி வலது தோளில். இறகின் அடியில் அவருடைய மோந்தேகோர்வோ பட்டாலியனுக்கு உரிய சிவப்புக் கம்பளிக் குஞ்சம். அந்தக் குஞ்சத்தைப் பூச்சி அரித்தபோது என் பழைய மேலங்கியைப் பிரித்து நான்தான் புதிதாகக் கட்டிக் கொடுத்தேன், அது சரியான சிவப்பு இல்லை, பழுத்த திராட்சை நிறம், அணிவகுப்பில் எல்லாரும் கிண்டல் பண்ணுவார்கள், ஜெலிந்தோ உன் பெண்டாட்டி உன்னை வேறு பட்டாலியனுக்கு மாற்றிவிட்டாளா என்று. கீழூரில் மலை சரிந்து விழுந்தபோது இவர்கள் எல்லாரும் மண்வெட்டியோடு போனார்களே, அங்கே ஒரு உத்தரம் சாய்ந்து இறகு நடுவில் ஒடிந்தது. புது இறகு வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்து, மின்கம்பி வேலைக்கு வைத்திருந்த செம்புக் கம்பியை எடுத்து ஒடிந்த கைக்குக் கட்டுப்போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றிக் கட்டினார். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தத் தொப்பியைப் பார்த்தவர்கள் அதை வேறெந்தத் தொப்பியோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

அந்த இறகின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்பாவின் கூட்டாளி ஒத்தாவியோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் சொல்கிற கதை வேறு. அவன் இப்போது நம் ஊர்ப் பழைய மலைப்படைக்காரர் குழுவுக்குத் தலைவன், ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் போதும், மோந்தேகோர்வோ மலையில் பனிப்புயலில் ஒரு ராஜாளிக் கழுகு இறங்கி வந்து தளபதியின் தோளில் உட்கார்ந்து இறகு கொடுத்ததாம். கழுகுக்கு வேறு வேலை இல்லை பார். உன் அப்பாவுக்கு அவருடைய கிழட்டு சார்ஜென்ட் சொன்னது இது. முதல் உலகப் போரில் அந்த மலைச்சரிவில் செத்துக் கிடந்த நம் பையன்களை எடுக்க முடியவில்லை, எதிரி சுட்டுக்கொண்டே இருந்தான், காக்கைகள் இறங்கிவிட்டன. உயிரோடு இருந்தவர்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, ஊர்ந்து போய்க் கல்லாலும் கம்பாலும் காக்கையை விரட்டினார்கள், அங்கே உதிர்ந்து கிடந்த இறகை ஆளுக்கொன்று எடுத்துத் தொப்பியில் செருகிக்கொண்டார்கள், ஊருக்குத் திரும்பினால் செத்தவனின் தாயிடம் காட்டுவதற்கு, உன் பிள்ளையைக் கொத்த விடவில்லை அம்மா என்று சொல்வதற்கு. அவ்வளவுதான் கதை. அப்புறம் அரசாங்கம் அதைச் சட்டமாக்கிப் பிரித்தது, சிப்பாய்க்குக் கறுப்புக் காக்கை இறகு, அதிகாரிக்குப் பழுப்புக் கழுகு இறகு, கர்னலுக்கும் அதற்கு மேலே உள்ளவர்களுக்கும் வெள்ளை வாத்து இறகு. மேலே போகப் போகக் கடைசியில் வாத்துதான் என்று உன் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

செப்டம்பரில் கடற்கரை நகரத்தில் பழைய மலைப்படைக்காரர்களின் பெரிய கூடல் நடந்ததே, அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒத்தாவியோ வீட்டுக்கு வந்தான். "அண்ணி, நம்ம ஊர் வரிசையில ஆளே இல்ல, பாதிப் பேர் முன்னால போயிட்டாங்க" என்றான். செத்துப்போனார்கள் என்று அவர்கள் சொல்ல மாட்டார்களே, முன்னால் போனார்கள் என்றுதான் சொல்வார்கள். "ஜெலிந்தோ தொப்பியக் குடுங்க, மெத்தைத் தட்டுல வச்சுத் தூக்கிட்டுப் போறோம், அவரும் எங்களோட நடந்த மாதிரி இருக்கும்" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மடச்சி, எடுத்துக் கொடுத்தேன். மெத்தையாவது தட்டாவது. கட்டாய ராணுவச் சேவையை நிறுத்தின பிறகு இளைஞர்கள் யாருக்கும் தொப்பி போட உரிமை கிடையாது, உன் அண்ணன் லோரிஸுக்கும் கிடையாது, துணை உறுப்பினருக்கு உரிய வெறும் பச்சைக் குல்லாய்தான். ஆனால் வரிசை குட்டையாகத் தெரிந்தால் பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான் என்று, செத்தவர்களின் தொப்பிகளையெல்லாம் வீடு வீடாக வாங்கி, ஒரு நாள்கூடப் படையில் நிற்காத தடியன்களின் தலையில் கவிழ்த்து நடக்க விட்டிருக்கிறார்கள். அப்பா தொப்பி உன் அண்ணன் தலையில்.

திங்கட்கிழமை தொண்டை கட்டிப்போய் வந்தான். தொப்பி பிளாஸ்டிக் பையில் இருந்தது. எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, "அம்மா பாருங்க, பழைய இறகு ரொம்ப நைஞ்சு போச்சு, புதுசு வாங்கி மாட்டிட்டேன், எவ்வளவு ஜோரா இருக்கு" என்றான். நிமிர்ந்து பார்த்தேன். பழுப்பு இறகு. அதிகாரி இறகு. கடையில் இருந்ததிலேயே எது பளபளப்போ அதைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான், கறுப்புக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் உண்டு என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை, சாப்பிடுகிற மேசைக்கு நேர் எதிரே அத்தனை வருஷம் தொங்கியது, பார்த்ததே இல்லை. செத்து நாலு வருஷம் கழித்து உன் அப்பாவுக்குப் பதவி உயர்வு, பிள்ளை கொடுத்தது. எனக்கு முதலில் சிரிப்புக்கூட வந்தது. பழைய இறகு எங்கேடா என்றேன். "தொலைஞ்சு போச்சும்மா, கூட்டத்துல எங்கயோ விழுந்திருச்சு." சரி, போகட்டும், கறுப்பு ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் நெரீனா கடையில் பின்பக்கம் உட்கார்ந்து அவளோடு கஷ்கொட்டை கீறிக்கொண்டிருந்தேன், இடையில் திரைச்சீலைதான். முன்னால் ஆண்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒத்தாவியோவுக்குப் போன் வந்தது, பட்டாளத்துச் சங்கத்தின் தலைமையிலிருந்து. அவன் எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான். கூடல் நடந்த நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறிய பெண் புகார் கொடுத்திருக்கிறாள், உங்கள் ஊர் பெயர் தைத்த சட்டை போட்டவன், பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான், கையிலிருந்த தட்டெல்லாம் விழுந்து உடைந்தும் விடவில்லை, சுற்றி நின்றவர்கள் பாட்டுப் பாடினார்கள், முகத்தை அவள் பார்க்கவில்லை, கையைப் பின்னால் நீட்டித் தொப்பியைப் பிடித்து இழுத்திருக்கிறாள், இறகில் சுற்றியிருந்த செம்புக் கம்பி அவள் உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது. கறுப்பு இறகு, நடுவில் ஒடிந்தது, அடியில் திராட்சை நிறக் குஞ்சம். நோயெமி, என் கையில் இருந்த கத்தி அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கடையில் இருந்த ஒவ்வொருவனுக்கும் அது யார் தொப்பி என்று தெரியும், யார் தலையில் இருந்தது என்றும் தெரியும். அப்புறம் ஒத்தாவியோ போனில் சொன்னான்: "ஐயா, நீங்க சொல்ற தொப்பிக்காரன் எங்க ஜெலிந்தோ. அவன் முன்னால போயி நாலு வருஷமாச்சு. செத்தவன் கை நீட்டுவானா? அந்தப் பொண்ணு குடிச்சிருப்பா." போனை வைத்ததும் ஒரு சிரிப்பு எழுந்தது பார், மேசையைத் தட்டித் தட்டி. ஒருத்தன், "ஜெலிந்தோவா? உசிரோட இருக்கும்போதே இல்டேவைக் கேட்டுத்தானே கையத் தூக்குவான்" என்று என் பெயரையும் இழுத்தான், மறுபடி சிரிப்பு.

நான் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றேன். சிரிப்பு நின்றது, ஒருவன் மட்டும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். நான் அவர்கள் மேசையைத் தாண்டி வெளியே நடந்தேன். இவர்களில் மூன்று பேர் உன் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள். அந்தத் தொப்பியைப் பெட்டியின் மேல் வைத்து, வணக்கம் வைத்து, மூக்கைச் சிந்தியவர்கள். அவர் செத்ததையே சாக்காக்கிவிட்டார்களே என்று வீடு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். சீ, இவர்களுக்கா நான் வருஷாவருஷம் களி கிளறிப் போட்டேன்.

சாயங்காலமே ஒத்தாவியோ வந்துவிட்டான். ஆணியைப் பார்த்தான். அவன் யார், அணிவகுப்பில் ஒரு இறகு கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட வரிசையையே நிறுத்திக் கத்துகிறவன், பழுப்பைப் பார்த்ததும் கத்தப் போகிறான் என்று நினைத்தேன். கத்தவில்லை. முகம் மலர்ந்தது, மாதா சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. "அண்ணி, இது இப்படியே இருக்கட்டும்" என்றான் மெதுவாக. "தலைமையிலருந்து ஆள் வந்து பார்த்தா பழுப்புதானே தெரியும். அந்தப் பொண்ணு சொன்னது கறுப்பு, கம்பி சுத்தினது. கதை முடிஞ்சுது. ஜெலிந்தோ பேரும் கெடாது, உங்க பையனும் பொழச்சுக்குவான்." என்னிடம் சின்னதாக ஒரு உதவிதான் கேட்டான், வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் நெற்றியில் ஒரு பொய்யைக் குத்திவைத்துவிட்டு அதற்கு நான் காவல் இருக்க வேண்டும். போகும்போது என் கையைப் பிடிக்க வந்தான், நான் கையை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

லோரிஸிடம் சாப்பாட்டு நேரத்தில் நேராகக் கேட்டேன். நான் அவனுடைய தாய், அவன் இல்லை என்று சொன்னால் நம்பத் தயாராக இருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். அவன் களியைப் பிசைந்துகொண்டே, "ஏதோ கூட்டத்துல கை பட்டிருக்கும்மா. எல்லாரும் ஜாலியா இருந்தோம். அவளுந்தான் சிரிச்சா" என்றான். அப்புறம் புகைபோட்ட பாலாடைக் கட்டி இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது, கொடுத்தேன், அது வேறு. மறுநாள் அவன் அறையில் குளிருக்கு மூட்டுகிற அடுப்பில் சாம்பல் அள்ளப் போனேன். கரண்டியில் ஏதோ மாட்டியது. செம்புக் கம்பி, சுருள் சுருளாக, கறுத்துப்போய். இறகு எரிந்துவிட்டது, கம்பி எரியவில்லை. உன் அப்பா எப்படிச் சுற்றுவார் தெரியுமே, கடைசிச் சுற்றை உள்பக்கமாக மடித்து அமுக்கிவிடுவார், கையைக் கிழிக்கக் கூடாது என்று, அந்த முனை நிமிர்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு பலமாக இழுத்திருக்கிறாள் பாவி மகள். கூட்டத்தில் தெரியாமல் பட்ட கை என்றால் எதற்கடா இறகை எரித்தாய்? தொலைந்துபோன இறகு உன் அடுப்புக்குள் எப்படி நடந்து வந்தது? காக்கையை விரட்டியவன் இறகைத் தலையில் வைத்துக்கொண்டு இவன் கொத்தப் போயிருக்கிறான், நோயெமி. என் வயிற்றில் பிறந்தவன். அன்று முழுக்க எதைத் தின்றாலும் சாம்பல் வாடைதான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைமையிலிருந்து ஆள் வந்தார், ஓய்வுபெற்ற கர்னல், வெள்ளை இறகு. அந்தப் பெண்ணையும் காரில் அழைத்து வந்திருந்தார். குழுவின் கூடத்தில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்திருந்தான் ஒத்தாவியோ, ஒருவன் குறைந்தாலும் சந்தேகம் வரும் என்று உன் அண்ணனையும் சேர்த்து, சுத்தமாக முடி வாரி, கையில் பச்சைக் குல்லாயோடு. என்னிடம் வந்து தொப்பியை வாங்கிக்கொண்டு போனான், நானும் கூடவே போனேன், வேண்டாம் அண்ணி குளிர் என்றான், போனேன். அந்தப் பெண் உன்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள். படிக்கிற பெண், லீவு நாளில் பரிமாறப் போனவள். விருந்தாளிகள்மேல் பழி போட்டாள் என்று அந்தக் கடைக்காரன் அவளை அன்றே அனுப்பிவிட்டானாம். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், லோரிஸ் முகத்தையும் பார்த்தாள், தாண்டிப் போய்விட்டாள். பின்னாலிருந்து பிடித்தவனை எந்த முகத்தில் தேடுவாள். அவன் ஒரு மூச்சு விட்டான், எனக்குக் கேட்டது. சில பேர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள், அவளுக்கு அது தெரிந்தது, காது சிவந்துவிட்டது. மேசைமேல் தொப்பி. அதைப் பார்த்து, "இதுதான்... குஞ்சம் இதுதான், ஆனா இறகு இது இல்ல" என்றாள். ஒத்தாவியோ உடனே, "பாத்தீங்களா கர்னல், அவங்களே சொல்றாங்க, இது இல்லன்னு" என்றான்.

கர்னல் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "உங்க வீட்டுக்காரர் அதிகாரியா இருந்தாராம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் பொய்க்காரியாக மலை இறங்கிப் போய்விடுவாள், என் பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடுவான், உன் அப்பாவும் அதிகாரியாகிவிடுவார். கூடத்தில் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். லோரிஸும் பார்த்தான், சின்ன வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு நான் அப்பாவிடம் சொல்லிவிடுவேனோ என்று பார்ப்பானே, அதே பார்வை. அதைப் பார்த்து இளகித்தான் போனேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் என்ன சொல்வேன் என்று முன்கூட்டியே தெரிந்தவள் மாதிரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இல்லைங்க, சாதாரணச் சிப்பாய்" என்றேன். "கறுப்பு இறகு. இந்தப் பழுப்பு என் மகன் கூடலில் கடையில் வாங்கி மாட்டியது. பழசை எரித்துவிட்டான். எரியாமல் மிஞ்சியது இது." பையிலிருந்து கம்பியை எடுத்து மேசையில் வைத்தேன். "செத்தவர் கை நீட்டவில்லை. அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனவன் அதோ நிற்கிறான், லோரிஸ், என் பிள்ளை."

அந்தப் பெண் கம்பியைப் பார்த்தாள், கையைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள். லோரிஸ், "அம்மா, உங்களுக்கு மூளை கலங்கிப்போச்சா" என்று கத்திவிட்டு வெளியே போனான். ஒத்தாவியோ ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தான், சின்ன விளையாட்டு, பசங்க, குடி என்று, கர்னல் கையைக் காட்டி நிறுத்தினார். அப்புறம் அந்தப் பழுப்பு இறகைத் தானே உருவி மேசையில் போட்டார். அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன், என்ன நாற்றம் என்கிறாய், ஜன்னலையெல்லாம் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்து சமையலறையில் உட்கார வைத்து பீன்ஸ் சூப் கொடுத்தேன். நாலு கரண்டிதான் குடித்தாள். அவன் அம்மா என்று தெரிந்தும் என் கையால் வாங்கிக் குடித்தாளே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. "மூணு வாரமா எல்லாரும் இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி, நாந்தான் கனவு கண்டேனோன்னு நெனைக்க ஆரம்பிச்சுட்டேம்மா" என்றாள். உள்ளங்கையைக் காட்டினாள், தழும்பு இன்னும் சிவப்பு. நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது நான் கேட்க வேண்டியது இல்லை, கேட்க வேண்டியவன் வேறு. போகும்போது அவள் பெயர், அவள் அம்மா பெயர், எந்த ஊர், என்ன படிக்கிறாள் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தலைமையிலிருந்து கடைக்காரனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், திரும்பக் கூப்பிட்டானாம், போடா என்று சொல்லிவிட்டாளாம், நல்ல பெண். புகாரை அவள் திரும்ப எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை, வழக்கு வரும்போது வரட்டும்.

இப்போது ஊரில் என் கதையைக் கேட்காதே. அடுத்த கூடலில் நம் ஊர்க் கொடிக்கு இடமில்லை என்று உத்தரவு வந்துவிட்டது, அதற்கும் நான்தான் காரணமாம். ரொட்டிக் கடையில் எனக்கு மட்டும் நேற்றைய ரொட்டி. நெரீனா ஒருத்திதான் முன்போலப் பேசுகிறாள், அதனால்தான் அந்தக் காப்பியைக் குடிக்கிறேன். நவம்பர் முதல் ஞாயிறு கல்லறைத் தோட்டத்தில் முன்னால் போனவர்களின் பெயரை வாசிப்பார்களே, ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் சேர்ந்து இருக்கிறார் என்று குரல் கொடுப்பார்களே, இந்த வருஷம் ஒத்தாவியோ வாசித்துக்கொண்டே வந்து உன் அப்பா பெயரைத் தாண்டி அடுத்ததற்குப் போனான். வேண்டுமென்றுதான். நான் நடுவில் நிறுத்தி, "ஜெலிந்தோ" என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. நானே "இருக்கிறார்" என்றேன். அப்புறம் அவன் தொடர்ந்து வாசித்தான், நானும் மீதிப் பெயர்களுக்கெல்லாம் சத்தமாகவே குரல் கொடுத்தேன், செத்தவர்கள்மேல் எனக்கென்ன கோபம்.

லோரிஸைப் பற்றி. நான் துரத்தவில்லை, அவனே துணிமணிகளை எடுத்துக்கொண்டு கீழூரில் சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு முறை வாசலில் வந்து நின்றான், தாடியும் கண்ணுமாக. "நீங்க என் அம்மாதானே, ஒரு ஊர் பேர் தெரியாதவளுக்காக..." என்று ஆரம்பித்தான். அங்கேதான் கதவைச் சாத்தினேன். அவன் கெட்டவன் என்று உனக்கு நான் எழுதவில்லை, எனக்கு உடம்பு சரியில்லாதபோது இரவெல்லாம் விறகு போட்டவன் அவன்தான், அதை மறக்கவில்லை. ஆனால் அவன் நடந்ததைச் சொல்லிச் சொல்லி அழுகிறதிலெல்லாம் அவனைத் தவிர வேறு யாருமே இல்லை, அவன் அசிங்கப்பட்டது, அவன் ஊரில் தலைகாட்ட முடியாதது, அவனுக்குச் சாப்பாடு சரியில்லாதது. எனக்கு அருவருப்பு அங்கேதான், அந்தக் கைமேல்கூட இல்லை.

உன் மாமியாருக்கு என் வணக்கம் சொல். குழந்தையை வெறுங்காலோடு விடாதே. மாப்பிள்ளையை நெடுந்தூரம் வண்டி ஓட்டும்போது தூங்கிவிடாமல் இருக்கச் சொல். நீ வேலைக்குப் போகிற இடத்தில் யாராவது கை வைத்தால் அந்தக் கையை ஒடித்துவிட்டு எனக்கு எழுது. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாள், என் ஆசி எப்போதும் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காமல் செய். இந்தக் கடிதத்தில் அந்தப் பெண்ணின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, கவனித்தாயா. தெரியாமல் இல்லை, வேண்டுமென்றுதான். உன் அண்ணன் மறுபடியும் போன் பண்ணி அழுதால், அழட்டும், அழுது முடிக்கட்டும், அப்புறம் அவள் பெயர் என்ன என்று கேள். அவனுக்குத் தெரியாது. இத்தனைக்கும் பிறகு இன்றுவரை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. என்றைக்கு அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வருகிறதோ, அன்றைக்கு வரச் சொல், கிறிஸ்துமஸாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கதவு திறந்திருக்கும்.

உன் அம்மா,
இல்டே.